தாய் என்றால் அண்ணன்!

எங்கள் வம்சத்தில் பத்தாவதைத் தாண்டியவனும் நான்தான், நாட்டைத் தாண்டியவனும் நான்தான். உடனே "ஏரோப்ளேன்ல போனியா?" என்று கேட்காதீர்கள் நண்பர்களே! சென்னையிலிருந்து ரயிலில் கோரக்பூர், அங்கிருந்து பஸ்ஸில் சுனௌலி, அப்புறம் நடந்து போனால் நேபாளம். நமக்கு விசாவும் வேண்டாம். 2025 மே மாதம் ஒரு தொண்டு அமைப்போடு மின்னியல் மாணவர்கள் ஆறு பேர் போனோம். கோர்க்கா மாவட்டத்து மலைக்கிராமம் ஒன்றில் பள்ளிக்கூடத்துக்கு வயரிங் செய்துதர வேண்டும். 2015 ஏப்ரல் 25 பூகம்பம் மையம் கொண்டிருந்த மாவட்டம் அது.

போய் இறங்கியதுமே பொடியன்கள் சூழ்ந்துகொண்டு "தாய்! தாய்!" என்றார்கள். அப்போதுதான் அரும்பத் தொடங்கிய மீசையோடு போனவனுக்கு எப்படியிருக்கும்? நேபாளியில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். இரண்டாம் நாள் ஒரு வாண்டு நான் பிறந்த வருஷத்தைக் கேட்டான். 2007 என்றேன். கரும்பலகையில் கணக்குப் போட்டு 75 என்று வட்டம் போட்டான். அவர்கள் பஞ்சாங்கத்தில் அது 2082ஆம் வருஷம்! அன்று சாயங்காலம் வரை எனக்குப் பெயர் "பாஜே", அதாவது தாத்தா.

மூன்றாம் நாள்தான் வேடிக்கையே. காலையிலிருந்து கரண்ட் இல்லை. ஏணிமேல் நின்று கேசிங் அடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று வேலை முடிந்திருந்த பக்கத்து அறையிலிருந்து இருபது குரல்கள்: "ஆயோ! ஆயோ!" எலக்ட்ரிக்கல் படிக்கிறவன் காதில் அது எப்படி விழும்? எவனோ வயரைத் தொட்டுட்டான்! ஏணியிலிருந்து குதித்து, ஓடிப்போய் மெயினை ஆஃப் செய்தேன். ஒரே இருட்டு. "ஓ..." என்று கூச்சல். ஆங்கில வாத்தியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பத்தி ஆயோ" என்றால் விளக்கு வந்துவிட்டது என்று அர்த்தமாம்! அதற்கப்புறம் என்னைப் பார்த்தாலே "ஆயோ" என்று கத்திவிட்டு, நான் ஓடுகிறேனா என்று பார்ப்பார்கள்.

தினமும் ராத்திரி அம்மாவிடம் போனில் பேசுவேன். "சோறு கிடைக்குதாடா?" "ஆமா." "பருப்பு?" "ஆமா, ஆமா." இரண்டு வேளையும் பருப்பும் சோறும்தான் அங்கே. போனை வைத்துவிட்டுத் திரும்பினால், பக்கத்து வீட்டுச் சின்னப் பெண் கண் கலங்க நிற்கிறது. நேபாளியில் ஆமா என்றால் அம்மா! நான் அம்மாவைக் கூப்பிட்டு அழுகிறேன் என்று நினைத்துவிட்டது போல. தான் கொறித்துக்கொண்டிருந்த அவலில் ஒரு பிடியை என் கையில் வைத்து மூடியது.

கிளம்புகிற அன்று அந்தப் பெண் வாத்தியாரிடம் ஏதோ கேட்டது. அவர் உடனே சொல்லவில்லை. அப்புறம் சொன்னார்: "இவள் அப்பா இந்தியாவில் வாட்ச்மேன். நீங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்கிறாள்." எந்த ஊரில் என்று கேட்டேன். அது அவளுக்குத் தெரியவில்லை. கறுப்புத் தொப்பி போட்டிருப்பார், விசில் வைத்திருப்பார், அவ்வளவுதான்.

எங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கிறார். ராத்திரி சைக்கிளில் விசில் ஊதிக்கொண்டு வருவார். மாசம் பிறந்தால் வீடு வீடாகக் காசு வாங்குவார். நாங்கள் சின்னப்பசங்களாக இருந்தபோது அவர் பின்னாலேயே விசில் அடித்துக்கொண்டு ஓடுவோம். கூர்க்கா என்பதுதான் அவர் பெயர் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஊர் திரும்பிய மூன்றாம் ராத்திரி விசில் கேட்டதும் வாசலுக்குப் போனேன். "நமஸ்தே, தாய்" என்றேன். சைக்கிள் நின்றது. வாயிலிருந்த விசிலை எடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். அவர் ஊர் கோர்க்கா இல்லையாம். ரொம்ப மேற்கே, டோட்டியாம். மூன்று பிள்ளைகளாம். கடைக்குட்டி அவர் கிளம்பி வந்த பிறகு பிறந்ததாம். வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

உள்ளே வந்தால் அம்மா கேட்கிறாள், "அந்த ஆம்பளைய ஏன்டா தாயின்னு கூப்பிட்டே?"