மீட்டரைப் பார்த்து எழுது

2023 பொங்கல் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. காலை நேரலை முடித்துவிட்டு, கிள்ளானில் அப்பா வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பொங்கல் ஆறிப்போயிருந்தது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது தம்பி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“அக்கா, நீதான் மீடியா படிச்சவ. என் ரெஸ்யூமே கொஞ்சம் பாரேன். பதினேழு எடத்துக்குப் போட்டுட்டேன். ஒருத்தர்கூடக் கூப்பிடல.”

தம்பி விமானி. அதுவும் எந்த நிறுவனத்திலும் நிரந்தரமாக இல்லாத விமானி. ஒப்பந்தம் கிடைத்தால் பறப்பான். ஒப்பந்தம் முடிந்தால் வீட்டில் இருப்பான். மாதச் சம்பளம், மருத்துவ அட்டை, போனஸ் எதுவும் கிடையாது. மருத்துவப் பரிசோதனைக்கும் உரிமம் புதுப்பிக்கவும் அவன் கைக்காசுதான் போகும். நானும் என் முதல் ஐந்து வருடத்தை வானொலியில் பகுதிநேர அறிவிப்பாளராகத்தான் ஓட்டினேன். ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்த அழைப்பு வரும்வரை தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அவனுக்கு இன்னொரு கெடுவும் இருந்தது. பயணிகளை ஏற்றிச் செல்லும் விமானி, கடந்த 90 நாட்களில் குறைந்தது 3 முறையாவது விமானத்தை மேலேற்றி இறக்கியிருக்க வேண்டும். அவன் கடைசியாகப் பறந்தது நவம்பர் 28. பிப்ரவரி 26 தாண்டிவிட்டால், சிமுலேட்டரில் உட்கார்ந்து அந்தத் தகுதியை மீட்ட பிறகுதான் மறுபடி பறக்க முடியும். ஒப்பந்தத்துக்கு ஆள் எடுப்பவர்கள் அந்தச் செலவில்லாத ஆளையே முதலில் தேடுவார்கள்.

ரெஸ்யூமேயைத் திறந்தேன். நான்கு பக்கம்.

முதல் பக்கத்தில் சீருடையில் ஒரு பெரிய படம். அதன் கீழே ஐசி எண், மதம், இனம், திருமண நிலை, அப்பா அம்மா பெயர். அப்புறம் “ஆர்வமும் அர்ப்பணிப்பும் மிக்க, சவால்களை விரும்பும்” என்று தொடங்கி ஒன்பது வரி. இரண்டாம் பக்கத்தில் தமிழ்ப்பள்ளியில் யூபிஎஸ்ஆரில் எடுத்த 7ஏ, எஸ்பிஎம் முடிவுகள், புறப்பாட நடவடிக்கையில் பூப்பந்து அணித் தலைவர். எந்த விமானத்தை ஓட்டுகிறான், எத்தனை மணி நேரம் ஓட்டியிருக்கிறான் என்ற விஷயம் மூன்றாம் பக்கத்தின் நடுவில் கிடந்தது.

“டேய், உன்னை வேலைக்கு எடுக்கிறவர் முதல்ல என்ன தெரிஞ்சுக்கணும்னு நெனைப்பார்?”

“என்ன டைப் ரேட்டிங், எத்தனை மணி நேரம், கடைசியா எப்பப் பறந்தேன், எப்ப வர முடியும்.”

“அப்ப பூப்பந்து எதுக்குடா?”

சிரித்தான். நாங்கள் வானொலியில் முதல் பாடமாகக் கற்பது இதைத்தான். நேயர் காரில் போகிறார். அவர் விரல் அடுத்த நிலையத்தின் பொத்தான் மேல் இருக்கிறது. அந்த விரல் அழுத்துவதற்குள் சொல்ல வந்ததைச் சொல்லிவிட வேண்டும். பணியாளர் பிரிவில் இருப்பவரும் அதே நிலையில்தான் இருக்கிறார். அவர் முன்னால் இதேபோல நூறு கடிதங்கள் கிடக்கும்.

மதம், இனம், அப்பா பெயர், படம் எல்லாவற்றையும் எடுத்தோம். குடியுரிமையையும் கடப்பிதழ் காலாவதியாகும் தேதியையும் வைத்துக்கொண்டோம். வெளிநாட்டில் ஒப்பந்தம் என்றால் விசாவுக்கு அது தேவை. அப்புறம் பக்கத்தின் உச்சியிலேயே நான்கு வரி எழுதினோம்.

ஏடிஆர் 72 துணை விமானி. மலேசியக் குடிமை விமானப் போக்குவரத்து ஆணையத்தின் வர்த்தக விமானி உரிமம், கருவி வழிப் பறக்கும் தகுதியுடன். முதல் வகுப்பு மருத்துவச் சான்று, செல்லுபடியாகும் தேதியுடன். ஆங்கிலத் தரம் 5. அனைத்துலக விதிப்படி அந்தத் தரம் 1 முதல் 6 வரை போகும். வெளிநாட்டு வான்பகுதியில் பறக்கக் குறைந்தது 4 வேண்டும். கடைசி வரி: 14 நாட்களில் கிளம்பத் தயார்.

உரிமம் எந்த நாட்டினுடையது என்பதை மறக்காமல் போடச் சொன்னான் தம்பி. நம் நாட்டில் பதிவான விமானங்களின் பதிவு எண் ‘9எம்’ என்று தொடங்கும், சிங்கப்பூருடையது ‘9வி’. வேறு நாட்டில் பதிவான விமானத்தை ஓட்ட வேண்டுமானால் அந்த நாட்டு ஆணையம் நம் உரிமத்தை ஏற்று அங்கீகரிக்க வேண்டும். அதற்கு நாளாகும். ஆள் எடுப்பவர் முதலிலேயே அதைக் கணக்குப் போடுவார்.

அடுத்தது மணி நேரங்கள். எனக்கு வாய் போனது இங்கேதான்.

“ஏடிஆரில் 1,500-க்கு மேல்” என்று எழுதியிருந்தான். “மேல்னா எவ்வளவு? சரியா சொல்லு.”

“கிட்டத்தட்ட 1,500 அக்கா. அந்த விளம்பரத்துல 1,500 கேட்டிருந்தாங்க.”

“லாக்புக்கைக் கொண்டா.”

மூன்று தடித்த புத்தகங்கள். தேதி, விமானத்தின் வகை, பதிவு எண், புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், தலைமை விமானி பெயர், பகல், இரவு என்று வரி வரியாகக் கட்டங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை. நான் படிக்க, அவன் கால்குலேட்டரில் தட்டினான். பயிற்சிப் பள்ளியில் 200. ஏடிஆரில் 1,486. ஆக மொத்தம் 1,686. அதில் பயிற்சிக் காலத்தில் தானே பொறுப்பேற்று ஓட்டியது 104. கடந்த 12 மாதத்தில் 436.

“பதினாலு மணி நேரம்தானே அக்கா. ரெண்டு நாள் பறந்தா வந்துடும்.”

“வந்த பிறகு எழுது.”

அவன் முகம் மாறியது. எனக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது, ஏனென்றால் நானும் அப்படி எழுதியவள். பட்டம் வாங்கிய கையோடு நான் போன முதல் நேர்முகத்துக்கு “நேரலையில் 2 ஆண்டு அனுபவம்” என்று எழுதிக்கொண்டு போனேன். பல்கலைக்கழக வானொலியில் நான் செய்ததெல்லாம் பதிவு செய்த நிகழ்ச்சிகள். வேலை கிடைத்தது. இரண்டாவது வாரமே, ஒரு ஞாயிறு காலை, அனுபவசாலி என்று நம்பி என்னைக் கலையகத்தில் தனியாக விட்டார்கள். ஒரு பாடல் முடிந்தது. அடுத்ததைத் திறக்கத் தெரியவில்லை. ஒலிவாங்கியைத் திறந்து பேசவும் வாய் வரவில்லை. நாற்பது நொடி மௌனம். வானொலியில் நாற்பது நொடி என்றால், நேயர்கள் தங்கள் வானொலிப் பெட்டிதான் கெட்டுப்போயிற்று என்று நினைத்துவிடுவார்கள். அன்று நான் அழுதது இன்றுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது. அவனிடம் அப்போதுதான் சொன்னேன்.

“எனக்கு மௌனத்தோட போச்சு. உனக்குப் பின்னால எழுபது பேர் உட்கார்ந்திருப்பாங்கடா.”

அவன் பதில் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாததில்லை. லாக்புக்கின் நகலைக் கேட்டு வாங்கித்தான் ஒப்பந்தம் போடுவார்கள். ரெஸ்யூமேயில் ஒன்றும் லாக்புக்கில் ஒன்றும் இருந்தால் அந்தக் கதவு அன்றோடு மூடிவிடும்.

இதுவரை நடுக்கூடத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த அப்பா, ஒலியைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அப்பா 28 வருடம் லாரி ஓட்டியவர். கிள்ளான் துறைமுகத்திலிருந்து ஜொகூர் வரை இரவிரவாக ஓட்டி, சேமநிதிப் பணத்தையும் எடுத்து, இந்த வீட்டின் மேல் கடனும் வாங்கித்தான் தம்பியை விமானப் பள்ளிக்கு அனுப்பினார். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது.

“என்னத்த இவ்வளவு நேரம் எழுதுறீங்க? எனக்கும் படிச்சுக் காட்டும்மா.”

தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மணி நேரக் கணக்கைச் சொன்னதும் கேட்டார்: “1,500-ன்னு எதுக்கு? எத்தனை மைல் ஓடியிருக்குன்னு முதலாளி கேட்டா, நான் மீட்டரைப் பார்த்துத்தான் சொல்வேன். மீட்டரைப் பார்த்து எழுது.”

தம்பி 1,486 என்று மாற்றினான்.

நான் அடுத்த வரிக்குப் போனேன். நினைக்காமல் படித்துவிட்டேன். “நவம்பர் 2020 முதல் ஜனவரி 2022 வரை, விமானத் துறை ஆலோசகர்.”

அப்பா நிமிர்ந்து பார்த்தார். “அப்படின்னா?”

யாரும் பேசவில்லை. அந்தப் பதினைந்து மாதத்தில் தம்பி என்ன செய்தான் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. விமானங்கள் வரிசையாக நிலத்தில் நின்றன. அக்டோபரில் வேலை போனது. அந்த ஆண்டு ஒரு விமானி சீருடையோடு நூடல்ஸ் கடை போட்டுச் செய்தியில் வந்தாரே, நினைவிருக்கிறதா? தம்பி செய்தியில் வரவில்லை. மோட்டாரில் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்தான். மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, கிள்ளானில் தெரிந்தவர்கள் இருக்கும் தாமான்களைத் தவிர்த்து, ஷா ஆலம் பக்கம்தான் எடுப்பான்.

“பார்சல் கொடுத்ததை அப்படி எழுதியிருக்கேன்ப்பா. விமானி வேலைக்கு அதையெல்லாம் போட முடியாது.”

“ஏன், வண்டி ஓட்டினதை எழுதக்கூடாதா?”

அப்பா கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் கேட்டார். கேட்டுவிட்டு எழுந்து, தேநீர் போடப் போகிறேன் என்று சமையலறைக்குள் போய்விட்டார். உள்ளே சீனி டப்பாவைத் திறந்து மூடும் சத்தம் இரண்டு முறை கேட்டது.

தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் என்னைக் கேட்காமலே அந்த வரியை அழித்தான். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகத் தட்டினான்: “பணிநீக்கத்துக்குப் பின் பார்சல் விநியோகம். இக்காலம் முழுவதும் உரிமமும் முதல் வகுப்பு மருத்துவச் சான்றும் காலாவதியாகவில்லை.”

அதைப் படித்தபோதுதான் எனக்கே உறைத்தது. நாற்பது வயதுக்குட்பட்ட அவனுக்கு அந்த மருத்துவச் சான்று 12 மாதம்தான் செல்லும். பறக்காத காலத்திலும், பார்சல் காசில், ஒரு நாள்கூடத் தவறாமல் அதைப் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறான். எந்த ஆலோசகர் பட்டத்தையும்விட அந்த ஒரு வரி அவனைப் பற்றிச் சொன்னது. அதைப் போய் ஒளித்து வைத்திருந்தான்.

இரவு பதினொரு மணிக்கு இரண்டு பக்கத்தில் முடித்தோம். முதல் பக்கத்தில் தகுதிகளும் மணி நேரக் கட்டமும். இரண்டாம் பக்கத்தில் ஒப்பந்தங்கள், தேதி இடைவெளி இல்லாமல். எந்த விமானம், எந்த மாதிரி ஓடுபாதைகள், மழைக்காலப் பறத்தல், கடைசி சிமுலேட்டர் தேர்வு எப்போது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. விபத்தோ ஒழுங்கு நடவடிக்கையோ இல்லை என்று ஒரு வரி. கோப்பின் பெயரைக்கூட மாற்றினோம். “புதுசு கடைசி 3” என்றிருந்ததை எடுத்துவிட்டு, அவன் பெயர், விமான வகை, மாதம் என்று வைத்தோம்.

பதினொரு இடங்களுக்கு அனுப்பினான். 1,500 மணி நேரம் கேட்ட இடத்திலிருந்து இரண்டே வரியில் மறுப்பு வந்தது. அன்று என்னை அழைத்து, “பார்த்தியாக்கா?” என்று மட்டும் கேட்டான். எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. இன்னும் ஏழு இடங்களிலிருந்து பதிலே இல்லை.

பிப்ரவரி முதல் வாரம் ஒரு முகவர் நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். 1,000 மணி நேரம் கேட்ட வேலை. அவர்கள் கேட்ட முதல் கேள்வியே அந்தப் பதினைந்து மாதம் பற்றித்தானாம். இவன் பார்சல் கதையைச் சொன்னான். பேசியவரும் ஒரு பழைய விமானி. “நான் அப்போது டாக்சி ஓட்டினேன்” என்றாராம். அதற்குப் பிறகு லாக்புக்கின் கடைசிப் பக்கங்களைக் கேட்டார்கள். எண்கள் ஒத்துப்போயின. ஆறு மாத ஒப்பந்தம். பிப்ரவரி 20 அன்று கேஎல்ஐஏவில் அவனை வழியனுப்பினோம்.

இப்போது அவன் ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் அந்த இரண்டு பக்கத்தைத் திறந்து மணி நேரத்தையும் தேதிகளையும் மாற்றி வைக்கிறான். வேலை தேடும்போது மட்டும் எழுதினால் பதற்றத்தில் கை நீளும் என்கிறான். நானும் அதையே செய்யத் தொடங்கியிருக்கிறேன். திருமண மேடை அலங்கரிப்பவராக இருந்தாலும், டியூஷன் ஆசிரியராக இருந்தாலும், படம் பிடிப்பவராக இருந்தாலும், சொந்தமாக வேலை தேடி வாழ்கிறவர்கள் எல்லாருக்கும் இது பொருந்தும். உங்களிடமும் ஒரு லாக்புக் இருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் ரெஸ்யூமே எழுத வேண்டும்.

போன மாதம் அப்பாவின் அலமாரியில் ரோட்டு வரி ரசீது தேடினேன். பழைய லாரி உரிமத்தோடு மடித்து வைத்த இரண்டு தாள் கிடைத்தது. தம்பியின் ரெஸ்யூமே. பார்சல் வரிக்குக் கீழே மட்டும் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. மடித்து அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.