மண்டையோட்டில் எவர் எழுத்து?

"எல்லாம் அவள் தலையெழுத்து!"

என் தங்கையின் பிணத்தருகே நின்று ஊர்ப் பெரியவர் ஒருவர் உதிர்த்த உரை அது. ஆண்டு 1967. எனக்கு வயது எட்டு. அவளுக்கு எட்டுத் திங்கள்கூட நிரம்பவில்லை. மூன்று நாள் வயிற்றுப்போக்கு. கண்கள் குழிந்தன, நாக்கு வறண்டது, உச்சிக்குழி உள்வாங்கிற்று. "உச்சி விழுந்துவிட்டது" என்றனர். விளக்கெண்ணெயில் நனைத்த துணியை உச்சியில் ஒட்டினர். திருநீறு பூசினர். மந்திரித்த கயிறு கட்டினர். ஒன்றை மட்டும் செய்தாரில்லை — தண்ணீர் தரவில்லை! பேதியாகும் பிள்ளைக்குத் தண்ணீர் காட்டினால் பேதி பெருகும் என்பது அவர்கள் அறிந்த மருத்துவம். வற்றிய உடலுக்கு நீரை மறுத்தனர். பிறகு பழியைத் தூக்கி அவள் தலைமேலேயே போட்டனர்.

பெரியவர் சான்றும் வைத்திருந்தார். சுடுகாட்டில் கிடந்த மண்டையோடு ஒன்றைத் தாம் கண்டதுண்டாம். அதன்மேல் நெளிநெளியாக, வளைந்து வளைந்து எழுத்து ஓடியதாம். பிறக்கும்போதே பிரம்மன் பொறித்த எழுத்தாம். மானிடர் படிக்க முடியாதாம். கேட்டோர் கைகூப்பினர். என் தாயும் கூப்பினாள்.

தோழர்களே, அந்தப் பெரியவர் பொய் சொல்லவில்லை. நெளிகோடு உண்டு! பத்தாண்டு கழித்து, 1977-இல், மருத்துவக் கல்லூரியில் என் கையில் மண்டையோடு ஒன்றைத் தந்தபோது நான் முதலில் தேடியது அதைத்தான். கண்டேன். விரலால் தடவியும் பார்த்தேன். கண்டது உண்மை, கட்டியதுதான் கதை.

மண்டையோடு என்றதும் கவிழ்த்து வைத்த சட்டிபோல் ஒரே ஓடு என்று எண்ணிவிடுகிறோம். ஒன்றன்று, 22 எலும்புகளின் கூட்டு அது. மூளையைக் காப்பன 8. முகத்தை ஆக்குவன 14. நெற்றியில் நுதலெலும்பு ஒன்று. உச்சியின் இருமருங்கும் சுவரெலும்பு இரண்டு. காதோரம் பொட்டெலும்பு இரண்டு. பின்னே பிடரெலும்பு ஒன்று. தண்டுவடம் இறங்கிச் செல்லும் பெருந்துளை இந்தப் பிடரெலும்பில்தான் இருக்கிறது. அடித்தளத்தில், வௌவால் சிறகு விரித்தாற்போல் ஆப்புரு எலும்பு. அதற்கு முன்னே, மூக்கின் கூரையில், நெய்யரி எலும்பு. பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்! நெய் வடிக்கும் அரிபோலவே அதில் சிறுசிறு துளைகள். அவற்றின் வழியே மணமறியும் நரம்பிழைகள் மூளைக்கு ஏறுகின்றன. மல்லிகையானாலும் சாக்கடையானாலும் நுழைவாயில் அதுவே.

முகத்தெலும்பு 14-ஐயும் எண்ணிச் சொல்லப் புகுந்தால் ஆசிரியர் கத்தரிக்கோலைத் தேடுவார். கீழ்த்தாடை ஒன்றைமட்டும் சொல்கிறேன். அதற்கொரு வரலாறு உண்டு. இரண்டாம் நூற்றாண்டின் பெருமருத்துவர் காலன், மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று எழுதிவைத்தார். அவர் அறுத்துப் பார்த்தவை பெரும்பாலும் விலங்குகளை. ஆயினும் ஆயிரமாண்டு அதுவே வேதவாக்கு! 1200-ஆம் ஆண்டையொட்டி எகிப்தைக் கொடும்பஞ்சம் வாட்டியது. அங்கே குவிந்து கிடந்த எலும்புகளிடையே பாக்தாத் நகரத்து அப்துல் லத்தீப் என்ற அறிஞர் நடந்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டைகளை ஆராய்ந்தார். எதிலும் தாடை ஒன்றே. பொருத்தின் சுவடே இல்லை! காலன் பெரியவர்தாம், ஆனால் கண்ணால் கண்ட சான்று காலன் சொன்னதைவிட வலியது என்று துணிந்து எழுதினார் அவர். 1543-இல் வெசாலியஸ் தம் உடற்கூற்றுப் பெருநூலில் மீண்டும் அதை நிலைநாட்டிய பின்னரே ஐரோப்பா மெல்ல மெல்ல இணங்கியது.

நெளிகோட்டுக்கு வருவோம். தட்டையான இந்த எலும்புகள் ஒன்றையொன்று சந்திக்கும் விளிம்புகள் இரம்பப் பற்களைப்போல் கோத்துக்கொள்கின்றன. அந்தக் கோப்பே கோடு. நெற்றிக்கு மேலே குறுக்காக ஒன்று; உச்சி வகிட்டைப்போல் நெடுக ஒன்று; பின்மண்டையில் கவிழ்ந்த கூரைபோல் ஒன்று. இலத்தீனில் இவற்றுக்குத் 'தையல்' என்று பெயர். பின்மண்டைக் கோடு கிரேக்க நெடுங்கணக்கின் 'லாம்டா' எழுத்தை ஒத்திருப்பதால் அதன் பெயரையே தாங்கி நிற்கிறது. எழுத்து என்றே வைத்துக்கொண்டாலும் கிரேக்க எழுத்தல்லவா! நம்மூர் நான்முகன் கிரேக்கத்தை எங்கே பயின்றானோ?

இன்னும் கேளுங்கள். பிறக்கும்போது எழுதியது என்றார்களே, பிறந்த பிள்ளையின் மண்டையில் இந்த நெளிவு இல்லை! அங்கே விளிம்புகள் ஏறத்தாழ நேராக இருக்கின்றன; இடையே மெல்லிய சவ்வு. எலும்பு வளர வளரத்தான் பற்கள் முளைத்துக் கோத்துக்கொள்கின்றன. முதுமையிலோ பொருத்துகள் ஒட்டிப்போய்க் கோடு மங்குகிறது. பிறக்கையில் இல்லாதது, வளர்கையில் தோன்றுவது, கிழப்பருவத்தில் அழிவது — இதுதான் ஊழ்வினை ஓலையா?

சவ்வு எதற்கு? தாயின் குறுகிய இடுப்பைக் கடந்து வருகையில் எலும்புகள் சற்றே ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தலை சுருங்குகிறது, வழி கிடைக்கிறது. பிறகு முதலாண்டிலேயே மூளை ஏறத்தாழ இருமடங்காகிறது. அதற்கும் இடம் வேண்டும். நான்கு தகடுகள் சந்திக்கும் இடத்தில் விடப்பட்ட பெரிய சவ்வுதான் உச்சிக்குழி. பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயதுக்குள் அது மூடிக்கொள்ளும். உடலில் நீர் குறைந்தால் அது உள்வாங்கும். உச்சி 'விழவில்லை' தோழர்களே! தண்ணீர் கேட்டது.

அந்த விடுமுறையில் மண்டையோட்டைத் துணிப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டு போனேன். வாயிலிலேயே தடுத்தாள் அம்மா. இரண்டு நாள் திண்ணையில் கிடந்தது அது. மூன்றாம் நாள் இரவு, விளக்கை எடுத்துக்கொண்டு அவளே வந்து அமர்ந்தாள். கோடுகளைக் காட்டினேன், சவ்வைச் சொன்னேன், உச்சிக்குழியைச் சொன்னேன். வெற்றிக் களிப்பில் இருந்தேன், மறைப்பானேன்!

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "அப்படியானால் தண்ணீர் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாளாடா?"

எனக்கு வாயடைத்தது. பத்தாண்டாக அவளை உறங்கவிட்டது அந்தத் தலையெழுத்து. பெற்றவளின் கைமீது பழி விழாமல் காத்தது அது. அதை நான் பிடுங்கிவிட்டேன். ஈடாக எதைக் கொடுத்தேன்? "பிழைத்திருக்கக்கூடும், அம்மா" என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. "உனக்கு எவரும் சொல்லித் தரவில்லை" என்றும் சொன்னேன். அவள் விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பல நாள் என்னோடு பேசவில்லை.

1971-இல் வங்கதேச ஏதிலிகள் முகாம் ஒன்றில் காலரா சூறையாடியபோது, திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர், ஊசிவழி ஏற்றும் நீர் போதாத நிலையில், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே பல்லாயிரவரைக் காத்தார். சர்க்கரை, குடலின் வழியே உப்பையும் நீரையும் உடலுக்குள் இழுத்துச் செல்கிறது, அவ்வளவுதான் மந்திரம்! மறு ஆண்டு இதைப் பாடத்தில் கேட்டதும் அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன்: ஒரு லிட்டர் கொதித்தாறிய நீர், ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. பதில் வரவில்லை.

1979 கோடையில் ஊருக்குப் போனேன். வீட்டில் அம்மா இல்லை. எதிர்வீட்டுத் திண்ணையில், பேதியில் துவண்ட பெண்குழந்தை ஒன்றை மடியில் கிடத்தி, சங்கால் நீர் புகட்டிக்கொண்டிருந்தாள். வேப்பிலையோடு வந்து நின்ற கிழவியை, "தள்ளி நில்லுங்கள் அத்தை" என்றாள். என்னைப் பார்த்தாள்; ஒன்றும் பேசவில்லை. ஒவ்வொரு சங்குக்கும் பிறகு, இரண்டு விரலால் பிள்ளையின் உச்சியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.