குளிரின் மேல் சுமத்திய பழி

கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த கேமரன் மலையில் எந்த நோவுக்கும் முதற்குற்றவாளி குளிர்தான். 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலந்தொட்டு, அங்கே கொழுந்து கிள்ளிய தமிழர் கைகள் விறைத்தே பழகியவை. ஆகவே தோட்டப் பள்ளியின் காலை வகுப்பில் ஒரு சிறுமியின் விரல்கள் சுண்ணக்கட்டி போல் வெளுத்தால் வியப்பவர் யார்? “கையைத் தேய்த்துக்கொள்ளம்மா” என்று கூறி ஆசிரியை பாடத்தைத் தொடர்வார்.

அவர்மேல் பிழையில்லை. குளிரில் விரல்நுனிக் குருதிநாளங்கள் சுருங்க, விரல் வெளுத்து, நீலம் பாரித்து, சூடேறியதும் சிவக்கும் இந்நிலையை 1862இல் பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனோ விளக்கினார். பெரும்பாலோர்க்கு இது வெறுந்தொல்லையே. சிலருக்கோ முன்னறிவிப்பு.

மாதங்கள் செல்ல விரல்கள் தடிக்கின்றன, மூட்டுகள் வலிக்கின்றன, படியேறத் தொடைகளில் வலுவில்லை, முகத்தில் செம்படை தோன்றுகிறது. செம்படை லூபஸ் நோயின் சாயல். தோலிறுக்கம் ஸ்கிளெரோடெர்மாவின் சாயல். தளர்ச்சி தசையழற்சியின் சாயல். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் தன் இணைப்புத் திசுக்களையே பகையெனத் தாக்குவதால் வருபவை இவை. மூன்றும் ஓருடலில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிவதும் உண்டு. 1972இல் அமெரிக்க மருத்துவர் கோர்டன் ஷார்ப்பும் உடனாய்வாளரும் 25 நோயாளரை ஆராய்ந்து, அதற்குக் ‘கலப்பு இணைப்புத் திசு நோய்’ எனப் பெயரிட்டனர். யு1 ஆர்.என்.பி. என்னும் புரதக்கூட்டுக்கு எதிரான எதிர்ப்பொருள் குருதியில் மிகுந்திருப்பது அதன் அடையாளம். அரிய நோய், குழந்தைகளிடம் இன்னும் அரிது. அரிது என்ற அச்சொல்லே குழந்தைக்குப் பகையாகிவிடுகிறது. அறிகுறிகள் சேர்ந்து வருவதில்லை; ஆண்டுக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அதற்குள் நுரையீரல் நாளங்களில் அழுத்தம் ஏறலாம். இந்நோயில் அஞ்சத்தக்கது அதுவே. மூச்சிரைக்கும் முன்பே இதயத்தின் எதிரொலிப் படத்தில் அதைத் தேடிப் பார்க்கிறார்கள். ஸ்டீராய்டு, ஹைட்ராக்சிகுளோரோகுயின், மெத்தோடிரெக்சேட் முதலிய மருந்துகளும் உள்ளன. காலத்தில் தொடங்க வேண்டும், அவ்வளவே.

தானா ராத்தாவில் மருத்துவமனை உண்டு. ஆனால் குழந்தைகளின் முடக்குவாதப் பிரிவைத் தேடினால், தாப்பாவுக்கு இறங்கும் வளைவுகளைக் கடந்து செலாயாங் வரை செல்ல நேரும். கொழுந்து பறிக்கும் தாய்க்கு ஒவ்வொரு பயணமும் ஒருநாள் வேலை.

மருத்துவர் சில மாதங்களுக்கு ஒருமுறை காணும் கையை ஆசிரியை நாள்தோறும் காண்கிறார். சீரான கையெழுத்து குலைவதும், உடற்கல்வி வேளையில் பிள்ளை ஒதுங்கி அமர்வதும் அவர் கண்முன் நிகழ்பவை. சோம்பல் என்று குறிப்பேட்டில் எழுதுவது எளிது. எம்மாதம் விரல் வெளுத்தது, எவ்வாரம் பென்சில் நழுவியது, என்று முதல் படியேறத் தயங்கினாள் என நாளிட்டு ஒரு தாளில் எழுதித் தாயிடம் கொடுப்பதும் எளிதே. தாய் அதை மடித்து, மருத்துவமனை அட்டைக்குள் வைத்துக்கொள்வாள்.