துருவும் கண்ணேறும்

எழுமலையின் மானாவாரிக் காடுகள் மழைக்குக் காத்திருக்கும். பெய்த ஈரமோ எவருக்கும் காத்திராது! உழவு வேளையில் எங்கள் பழைய டிராக்டர் விக்கி நின்றது. கண்ணேறு என்றனர், முகப்பிலே எலுமிச்சம்பழம் கட்டினர். நகர்ந்ததா?

எண்ணெய்த் தொட்டியைத் திறந்தோம்; அடியிலே செந்நிறச் சேறு! பாதி காலியான தொட்டியில், இரவுக் குளிரால் காற்றின் ஈரம் நீராகும்; டீசலினும் கனத்த அந்நீர் அடியில் தங்கும்; நீரும் உயிர்க்காற்றும் கூடி இரும்பை அரிக்கும். அரித்த துரு வடிகட்டியை அடைத்தது. இதுவே கண்ணேறு!

தில்லி இரும்புத் தூண் ஏறத்தாழ 1600 ஆண்டுகளாகத் துருவை வென்று நிற்பதும் அருளாலன்று. இரும்பிலுள்ள பாஸ்பரஸ் தந்த காப்புப் படலத்தால்.

தொட்டியைக் கழற்றி, டீசலை வடித்து, சோப்பு நீரால் கழுவினோம். வெந்நீரில் எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி, ஓரிரவு ஊறவிட்டு, சங்கிலித் துண்டிட்டுக் குலுக்கினோம். சமையல் சோடா நீரால் அலசி, வெயிலில் உலர்த்தி, உடனே டீசலால் உட்புறம் நனைத்தோம். எலுமிச்சைக்கு ஆற்றல் உண்டு, தோழர்களே! முகப்பிலே தொங்கும்போதன்று, துருவைத் தொடும்போது!

ஈரம் காயுமுன் உழவு முடிந்தது. துருவைக் களைந்தால் போதாது, காரணத்தையும் களைக! மாலைதோறும் தொட்டியை நிரப்புக. காசில்லையேல், காலையில் அடித்திருகைத் திறந்து நீரை வடித்திடுக.