துடிப்புக்கு முந்தைய பதம்

பெங்களூரின் வடகோடியில் ஓர் ஆய்வகம். இதயச் செல் துடிப்பதைப் பார்க்கும் ஆசையில்தான் போனேன். போனதும் காட்டிவிட்டார்கள். நுண்ணோக்கிக்கு அடியில் ஒரு சின்னத் திட்டு சுருங்கி விரிந்துகொண்டிருந்தது.

"வர்றவங்க எல்லாரும் இதைத்தான் கேப்பாங்க சார். நிஜ வேலை பத்து நாளைக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சு" என்றார் ஆராய்ச்சி மாணவி. திண்டுக்கல் பக்கத்துக்காரர்.

வளர்ந்த செல்லுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி அதை எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய குருத்தணுவாகத் திருப்பலாம் என்று ஜப்பானின் ஷின்யா யமனாகா 2006இல் எலியிலும், அடுத்த ஆண்டு மனிதரிலும் காட்டினார்; 2012இல் நோபல் பரிசு. அதனால்தான் இங்கே இதயச் செல்லை உருவாக்க நோயாளியின் இரத்தமே போதுமானதாக இருக்கிறது. இதயத்தைத் தொட வேண்டியதில்லை.

அந்த மாணவியின் பக்கத்தில் ஒரு மதியம் உட்கார்ந்திருந்தேன். செல் ஒட்டிக்கொள்ளப் பிளேட்டில் பூச வேண்டிய மாட்ரிஜெல் என்ற கூழை ஐஸை விட்டு எடுத்தால் குழாயிலேயே இறுகிவிடும். கை வேகமாகப் போகிறது. பிறகு குருத்தணுக் காலனிகளைப் பார்க்கிறார். விளிம்பு பிசிறடித்து, தானாக வேறு செல்லாக மாறத் தொடங்கியவற்றைப் பிப்பெட் நுனியால் சுரண்டி எடுக்கிறார். எனக்கு எல்லாக் காலனியும் ஒன்றுபோலவே தெரிந்தது. செல் வளரும் ஊட்டத் திரவமான மீடியாவைத் தினமும் மாற்ற வேண்டும். ஞாயிறு, பொங்கல் என்று செல்லுக்குத் தெரியாது.

குருத்தணுவை இதயச் செல்லாக மாற்றத் தொடங்கும் நாளைக் குறிப்பதில்தான் இந்த வேலையின் சூட்சுமம். விண்ட் என்ற சமிக்ஞைப் பாதையை முதலில் தூண்டி, மூன்றாம் நாள் அதையே அடக்க வேண்டும். செல் இதயமாவதை இன்சுலின் தடுக்கும் என்பதால் முதல் வாரம் அது இல்லாத மீடியா. இதெல்லாம் தாளில் எழுதியிருக்கிறது. ஆனால் செல் நெருக்கம் குறைவாக இருக்கும்போது தொடங்கினால் செத்துவிடும், மிஞ்சினால் இதயமாகாது. பாகு காய்ச்சுகிறவர் கம்பிப் பதம் பார்ப்பதுபோல அவர் பிளேட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "நாளைக்குக் காலைல" என்றார்.

எட்டு, பத்து நாளில் துடிப்பு வரும். அப்போதும் நம்ப மாட்டார்கள். கூட வளர்ந்த வேறு செல்களைக் கழிக்க, குளுக்கோஸை நிறுத்தி லாக்டேட் கொடுக்கிறார்கள். இதயத் தசை அதைத் தின்று பிழைக்கும், மற்றவை பட்டினியில் போகும். மிஞ்சுவதும் கருவிலிருக்கும் குழந்தையின் செல்லைப் போன்ற இளசுதான், முதிர வாரக்கணக்காகும்.

இத்தனை கறார் எதற்கு? ஹைதராபாத்தின் ஆய்வாளர் தங்கராஜ், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தண்டபாணி உள்ளிட்ட குழு 2009இல் ஒரு குறையை வெளியிட்டது. இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது அது. தெற்காசியரில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது; வயதாகும்போது இதயம் பலவீனமாகும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று அந்த ஆய்வு சொன்னது. இதுபோன்ற குறையை ஆராய, குறையுள்ள செல்லையும் அதையே கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவியால் திருத்திய செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்து, சுருங்கும் விசையை ஒப்பிடலாம். வித்தியாசம் நூலளவுதான் இருக்கும். வளர்த்த கை தடுமாறினால் அந்தத் தடுமாற்றமே நோய்போலத் தெரியும். அதனால் இரண்டையும் ஒரே ஆள், ஒரே மீடியாவில், ஒரே நாளில் வளர்க்கிறார். பிளேட்டின் மேல் எண் மட்டும். அளப்பவருக்கு எது எதுவென்று சொல்வதில்லை.

அன்று ஒரு பிளேட் நன்றாகவே துடித்தது. ஆனால் இதயத் தசையின் அடையாளப் புரதமான ட்ரோபோனின் உள்ள செல்கள் போதவில்லை என்று அளவு வந்தது. அதிலும் அதன் ஜோடியிலும் ப்ளீச் ஊற்றிவிட்டு, திரவ நைட்ரஜன் தொட்டியிலிருந்து புதுக் குப்பிகளை எடுக்கப் போய்விட்டார்.