மடி கட்டிய ஒட்டகமும் தாழ்ந்துபோன ஸ்பிரிங்கும்



ஃபிக்ஹில் வணிகப் பாடத்தை நடத்தும் ஒவ்வோர் ஆண்டும், ‘தஸ்ரியா’ என்ற இடம் வரும்போது மாணவர்களின் முகங்களில் சோர்வு படர்வதைக் காண்கிறேன். ஒட்டகத்தையோ ஆட்டையோ விற்பதற்கு முன் சில நாள்கள் கறக்காமல் மடியைக் கட்டி வைத்து, நிறையப் பால் தரும் பிராணி என வாங்குபவரை நம்பவைப்பதற்கே தஸ்ரியா என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள். ஏமாந்து வாங்கியவர் கறந்து பார்த்த பின் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுக்கலாம். ஒட்டகத்தைப் படத்தில் மட்டுமே கண்ட எங்கள் காயல்பட்டினத்துப் பிள்ளைகளுக்கு இது எங்கோ நடந்த செய்தி. எனக்கு அதைப் பக்கத்தில் கொண்டுவந்தது என் பழைய கார்.

2005ஆம் ஆண்டு செடான் அது. வாப்பா வாங்கியது. அவர்களின் மறைவுக்குப் பின், வாரிசுப் பங்கீட்டில் விலைமதித்து என் பங்கில் சேர்த்தார்கள். மூத்த மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காக அதை விற்பதென வீட்டில் முடிவாயிற்று. அடுத்த தெருத் தம்பி ஒருவர் 1,10,000 ரூபாய்க்குக் கேட்டார். பேச்சு ஏறக்குறைய முடிந்துவிட்டது. இதற்கிடையில் வண்டியின் முன்புறம் வலப்பக்கம் சற்றுத் தாழ்ந்து நிற்பது கண்ணில் பட, பட்டறைக்குக் கொண்டுசென்றேன்.

பட்டறை அண்ணாச்சி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை நாடா பிடித்தார். தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் காற்றும் கணக்கைக் கெடுத்துவிடுமாம். இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் இரண்டரை சென்டிமீட்டர் குறைவு. “பாய், ரப்பர் வைத்துவிடலாம். அரை மணி நேர வேலை. வண்டி நிமிர்ந்து நிற்கும். வாங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். விற்க வருபவர்களில் பெரும்பாலோர் கேட்பதையே அவர் சொன்னார். ரப்பருக்கு 1,800 ரூபாய். ஸ்பிரிங்குகளையே மாற்றினால், கூலியும் அலைன்மென்டும் சேர்த்து 14,000.

சுருள் கம்பியின் இடுக்கில் திணிக்கப்படும் அந்த ரப்பர் வளையத்தைக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் எனக்கு ஒட்டகத்தின் மடி நினைவுக்கு வந்தது.

ஸ்பிரிங் தாழ்ந்தால் அது ‘மெதுமெதுப்பாகிவிட்டது’ என்று நாம் சொல்கிறோம். அது சரியன்று. சுமைக்கு ஏற்ற அளவில் ஸ்பிரிங் அமுங்கும் என்பதை ராபர்ட் ஹூக் 1678இல் எழுதிவைத்தார். துரு அரிக்காத வரை அந்த விறைப்பு பழைய ஸ்பிரிங்கிலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். குறைவது அதன் இயல்பான உயரம். முன் சக்கரம் ஒவ்வொன்றின் மீதும் ஏறத்தாழ 300 கிலோ, இருபது ஆண்டுகளாக இரவும் பகலும் அமர்ந்திருக்கிறது. எஃகு தன் பழைய உயரத்திற்குத் திரும்ப இயலாமற் போகிறது. கடலோர ஊர்களில் இத்துடன் உப்புக் காற்றும் சேர்கிறது. கீழ்க்கிண்ணத்தில் தேங்கும் மணலும் ஈரமும் மேற்பூச்சை உரசி எடுக்க, அங்கே துரு குழி பறிக்கிறது. கம்பியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு போனாலே விறைப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பள்ளத்தில் விழும் ஒரு நாளில் அந்தக் கடைசிச் சுற்று முறிந்து, அதன் முனை டயரைக் கிழிப்பதும் உண்டு. ரப்பர் இவற்றில் எதையும் குணமாக்காது. உயரத்தை மட்டும் கண்ணுக்குக் காட்டும். ரப்பருக்கும் கம்பிக்கும் இடையே இன்னும் கொஞ்சம் உப்பு நீரைத் தேக்கி வைக்கும்.

சிலர் ஷாக் அப்ஸார்பரை மாற்றிவிட்டு, வண்டி ஏன் இன்னும் உயரவில்லை என்று கேட்கிறார்கள். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அப்ஸார்பர் அதன் துள்ளலை அடக்குவதோடு சரி.

அன்று மஃரிபுக்குப் பின் அந்தத் தம்பியைச் சந்தித்து விவரத்தைச் சொன்னேன். இப்படியே எடுத்துக்கொண்டால் விலையைக் குறைக்கிறேன், அல்லது மாற்றித் தருகிறேன் என்றேன். அவர் முகம் மாறியது. “காக்கா, இது இப்படி என்றால் வேறென்ன இருக்கிறதோ?” என்றார். நியாயமான கேள்விதான். நான்கு நாள்கள் அவரிடமிருந்து பதிலே இல்லை. கல்லூரியில் பணம் கட்ட ஒரு வாரமே மிச்சம். வீட்டில் யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் சோறு பரிமாறும் ஓசையில் அது தெரிந்தது.

ஐந்தாம் நாள் செய்தி வந்தது. புது ஸ்பிரிங் போட்டு 95,000 என்றால் சம்மதமாம். நான் ஒப்புக்கொண்டேன்.

முன்புறம் இரண்டையும் சேர்த்தே மாற்றினோம். ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக இருந்தால் வண்டி மீண்டும் சாயும். சக்கரத்தைக் கழற்றி, பிரேக் குழாயை விலக்கி, கீழே இரண்டு போல்ட்டும் மேலே மூன்று நட்டும் எடுத்ததும் ஸ்ட்ரட் முழுதாகக் கையில் வந்தது. அதன் பிறகுதான் ஆபத்தான வேலை. ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸரால் இறுக்கி, அது கிண்ணத்தை விட்டு விடுபட்ட பின்னரே நடு நட்டைத் தொட வேண்டும். முன்பே திருகினால், அடங்கியிருக்கும் விசை மேல்தட்டைப் பீரங்கிக் குண்டாக எறிந்துவிடும். உயிருக்கே ஆபத்தாகலாம். அண்ணாச்சி தம் உதவிப் பையனை வெளியே அனுப்பிவிட்டு, என்னையும் தள்ளி நிற்கச் சொன்னார். கம்பியின் நுனி கீழ்க்கிண்ணத்தின் படியில் சரியாக அமர்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்த பின்பே மூடினார். அலைன்மென்டும் முடிந்தபோது அஸருக்கு பாங்கு சொல்லிவிட்டார்கள்.

விலையும் குறைந்து செலவும் சேர்ந்ததில், நினைத்ததைவிட 29,000 ரூபாய் குறைவாகவே கையில் நின்றது. மைத்துனரிடம் அழகிய கடனாக வாங்கிக் கட்டணத்தைக் கட்டினோம். மாதாமாதம் அடைத்து வருகிறேன்.

கழற்றிய ஸ்பிரிங்குகளை மத்ரஸாவுக்கு எடுத்துச்சென்று, அண்ணாச்சியிடம் இரவல் பெற்ற ரப்பர் வளையத்தையும் அருகில் வைத்து, தஸ்ரியா பாடத்தை மீண்டும் நடத்தினேன். இம்முறை எவருக்கும் சோர்வில்லை. வலப்பக்கத்து ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு இருந்ததை முதலில் கண்டது பன்னிரண்டு வயது மாணவன்தான். “உஸ்தாத், ரப்பர் வைத்திருப்பதைச் சொல்லிவிட்டு விற்றால்?” என்றான் இன்னொருவன். கூடும், அறிந்தே வாங்கியவருக்கு அந்தக் குறைக்காகத் திருப்பும் உரிமை இல்லை என்றேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: “சொல்லாமல் விற்று, அவர் திருப்பிக் கொண்டுவந்தால், அந்த ஒரு ஸாஉ பேரீச்சம்பழம்?”

பேரீச்சம்பழம் கறந்த பாலுக்கு ஈடாகத் தருவது, கார் பால் தராது என்றேன். வகுப்பு சிரித்து அடங்கச் சிறிது நேரமாயிற்று.