முதல் வரியின் பூர்வீகம்

விஎஸ் கோடில் வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்து, எச்டிஎம்எல் என்று சேமித்து, ஆச்சரியக்குறியைத் தட்டி டாப் விசையை அழுத்தினால் பத்துப் பன்னிரண்டு வரிகள் தாமாக வந்து விழும். அவற்றில் முதல் வரியை ஃப்ரண்ட் எண்ட் வேலையில் இருக்கும் யாரும் கையால் அடிப்பதும் இல்லை, அழிப்பதும் இல்லை. கோண அடைப்புக்குள் ஓர் ஆச்சரியக்குறி, அதன் பின் ‘டாக்டைப் எச்டிஎம்எல்’ என்று இரண்டே சொல். பிள்ளையார் சுழி மாதிரி அது பாட்டுக்கு மேலே இருக்கும்.

புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் நேர்முகத் தேர்வில் இதைப் பற்றி அடிக்கடி கேட்பார்கள். பதிலையும் எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள்: “இது எச்டிஎம்எல்லின் எந்த வெர்ஷன் என்று பிரவுசருக்குச் சொல்கிறது.” கேட்டவரும் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அந்த வரியை இன்னொரு முறை பாருங்கள். அதில் எண் எங்கே இருக்கிறது?

என்னை இந்தக் கேள்விக்குள் தள்ளியது ஒரு பில்லிங் பக்கம். பழைய பிஎச்பி மென்பொருள். வாடிக்கையாளர் தமிழிலும் லேபிள்கள் வேண்டும் என்றார். சர்வர் பக்கத்தைக் கவனித்தவர் தமிழ்ச் சொற்களைத் தனிக் கோப்பாக எழுதி ஏற்றினார். மறுநாள் பார்த்தால் அட்டவணைகளில் மட்டும் எழுத்து பெருத்துக் கிடந்தது. மற்ற இடங்களில் 13 பிக்சல், அட்டவணைக்குள் 16. “நான் வேற எதையும் தொடலைங்க, லேபிள் மட்டும்தான்” என்றார் அவர். அவர் சொன்னது உண்மை. சிஎஸ்எஸ் கோப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை என்பதும் உண்மை.

குரோமின் டெவ் டூல்ஸைத் திறந்து அட்டவணையைத் தேர்ந்தெடுத்தேன். எழுத்தளவை ‘மீடியம்’ என்று பிரவுசரே போட்டிருந்தது. நாங்கள் எழுதாத விதி அது. அதைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான் ‘குவிர்க்ஸ் மோட்’ என்ற பெயர் கண்ணில் பட்டது. கன்சோலில் டாக்குமென்ட் டாட் காம்பாட்மோட் என்று கேட்டால் பக்கம் எந்த நிலையில் ஓடுகிறது என்று பிரவுசர் சொல்லிவிடும். எங்கள் பக்கத்துக்கு வந்த பதில் ‘பேக்காம்பாட்’. அதாவது 1990களின் பக்கம் என்று நினைத்து, அந்தக் காலத்துப் பிழைகளோடு பிரவுசர் அதை வரைந்துகொண்டிருந்தது.

காரணம் அந்த லேபிள் கோப்பில் இருந்தது. அப்போதைய நோட்பேடில் யுடிஎஃப்-8 என்று சேமித்தால் கோப்பின் தலையில் ‘பாம்’ எனப்படும் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்றும் சேர்ந்துவிடும். பக்கத்தின் முதல் எழுத்தாக அது வந்திருந்தால் பிரவுசர் விழுங்கிவிட்டிருக்கும். எங்கள் பக்கத்தில் அதற்கு முன்பு ஏற்றப்பட்ட இன்னொரு கோப்பு ஒரு வெற்று வரியை விட்டுச் சென்றிருந்தது. ஆகவே அந்தக் குறி சாதாரண எழுத்தாகக் கணக்கில் வந்துவிட்டது. டாக்டைப் வரிக்கு முன்னால் எழுத்து வந்தால் அது டாக்டைப் இல்லாத பக்கம். பாம் இல்லாமல் சேமித்ததும் அட்டவணை பழையபடி அடங்கியது.

வேலை முடிந்தது, கேள்வி முடியவில்லை. ஒரு வரி இருந்தால் ஒரு மாதிரியும் இல்லாவிட்டால் வேறு மாதிரியும் பிரவுசர் நடந்துகொள்ளும் என்றால், இந்த ஏற்பாட்டைச் செய்தது யார்?

முதலில் வலையின் முதல் பக்கத்திடமே போனேன். டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் உருவாக்கிய அந்தப் பக்கத்தை 2013-இல் தொடங்கிய ஒரு திட்டத்தின் மூலம் செர்ன் அதன் பழைய முகவரியிலேயே மீட்டு வைத்திருக்கிறது. வலது கிளிக் செய்து அதன் மூலத்தைப் பார்த்தால் டாக்டைப் இல்லை. ‘நெக்ஸ்ட்ஐடி’ என்றொரு டேக் இருக்கிறது. அவர் பயன்படுத்திய நெக்ஸ்ட் கணினியின் எடிட்டர் தன் கணக்குக்காக விட்டுச் சென்றது அது. இன்றைய எந்தப் புத்தகமும் அதைச் சொல்லித்தராது. காம்பாட்மோட் கேட்டால் இந்தப் பக்கத்துக்கும் ‘பேக்காம்பாட்’ என்றே வருகிறது.

டாக்டைப் வலைக்கு முந்தையது. 1969 வாக்கில் ஐபிஎம் நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லாரி ஆகிய மூவர், ஆவணங்களின் பகுதிகளைக் குறியிட்டு வைக்க ஜிஎம்எல் என்ற முறையை உருவாக்கினார்கள். அது அவர்கள் மூவரின் பெயர்களின் முதலெழுத்தும்கூட. கோல்ட்ஃபார்ப் சட்டம் படித்தவர், வழக்கறிஞர். அந்த முறை வளர்ந்து எஸ்ஜிஎம்எல் ஆகி, 1986-இல் ஐஎஸ்ஓ 8879 என்ற தரமானது. அதில் ஒவ்வொரு ஆவணமும் தொடக்கத்திலேயே தன் இலக்கணம் எது என்று அறிவிக்க வேண்டும். எந்த டேக்குக்குள் எந்த டேக் வரலாம் என்ற விதிகளின் தொகுப்பான டிடிடியைச் சுட்டும் வரிதான் டாக்டைப். செர்னில் ஏற்கெனவே எஸ்ஜிஎம்எல் புழக்கத்தில் இருந்ததால் பெர்னர்ஸ்-லீ தன் டேக்குகள் பலவற்றை அங்கிருந்து எடுத்துக்கொண்டார். 1995 நவம்பரில் அவரும் டான் கானலியும் எழுதிய எச்டிஎம்எல் 2.0 வரையறை எஸ்ஜிஎம்எல்லை முறையாகவே தழுவியது. டாக்டைப் அதோடு வலைக்குள் வந்து சேர்ந்தது.

வேடிக்கை என்னவென்றால், புழக்கத்துக்கு வந்த பிரவுசர்கள் டிடிடியைத் திறந்து படித்து எச்டிஎம்எல்லைப் புரிந்துகொண்டதே இல்லை. டேக்குகளை எப்படிக் கையாள்வது என்பது அவற்றின் நிரலிலேயே எழுதப்பட்டிருந்தது. படித்தவை வேறு வகை மென்பொருள்கள். டாக்டைப் வரியில் இருந்த முகவரியை உண்மையென்று நம்பி அவை ஒவ்வொரு முறையும் போய்த் தட்டிக்கொண்டிருந்தன. டபிள்யூ3சி அமைப்பு 2008-இல் இதைப் பற்றிப் பகிரங்கமாகவே புலம்பியது. மாறவே மாறாத அந்தக் கோப்புகளுக்காக ஒரு நாளைக்கு 13 கோடி வரை கோரிக்கைகள் தங்கள் சர்வரில் வந்து விழுகின்றன என்றது.

அப்படியானால் வெர்ஷன் பதில் எஸ்ஜிஎம்எல் காலத்துக் காகிதத்தில் சரி, பிரவுசரில் ஒருபோதும் சரியில்லை. பிரவுசருக்கு இந்த வரி ஏன் தேவைப்பட்டது என்பது வேறு கதை. அதன் நடுவில் இருப்பது ஒரு பெட்டி.

ஹோகன் வியூம் லீ 1994 அக்டோபரில் சிஎஸ்எஸ் யோசனையை முன்வைத்தார். பெர்ட் போஸ் அவரோடு சேர்ந்துகொள்ள, சிஎஸ்எஸ்1 பரிந்துரை 1996 டிசம்பரில் முடிவானது. மைக்ரோசாஃப்ட் அதற்கு நான்கு மாதம் முன்பே, ஆகஸ்டில், சிஎஸ்எஸ் புரிந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 3-ஐ வெளியிட்டுவிட்டது. ஒரு பெட்டிக்கு அகலம் 200 பிக்சல், உள்ளே பக்கத்துக்கு 20 பேடிங், பக்கத்துக்கு 5 பார்டர் என்று எழுதுகிறோம். திரையில் பெட்டி எவ்வளவு இடம் பிடிக்கும்? சிஎஸ்எஸ்1 சொல்வது 250. அகலம் என்பது உள்ளடக்கத்துக்கு மட்டும், மற்றவை அதற்கு மேல். விண்டோஸில் ஓடிய ஐஇ 5.5 வரையிலான பிரவுசர்கள் சொன்னது 200. அகலம் என்றால் பெட்டி முழுவதும், பேடிங்கும் பார்டரும் அதற்குள் அடக்கம்.

ஐம்பது பிக்சல் வித்தியாசத்தில் பக்கம் உடைந்துவிடும். அந்நாளைய வலை ஏற்கெனவே அட்டவணைகளையும், இடத்தை அடைக்க ஒரு பிக்சல் அளவு ஒளிபுகும் கிஃப் படங்களையும் நம்பித்தான் நின்றுகொண்டிருந்தது. 1998-இல் தொடங்கிய வெப் ஸ்டாண்டர்ட்ஸ் ப்ராஜெக்ட் அமைப்பினர் பிரவுசர் நிறுவனங்கள் தரத்தைப் பின்பற்ற வேண்டும் என்று போராடினார்கள். நிறுவனங்களுக்கு வேறு ஒரு சிக்கல். தரத்தைப் பின்பற்றினால், பழைய பிழையை நம்பி எழுதப்பட்ட எண்ணற்ற பக்கங்கள் ஒரே நாளில் சிதறும். பயனர் அதற்குப் பக்கத்தைத் திட்ட மாட்டார், புதிய பிரவுசரைத்தான் திட்டுவார்.

இதிலிருந்து மீள வழி சொன்னவர் டாட் ஃபார்னர். பக்கத்தில் டாக்டைப் இருக்கிறதா, இருந்தால் எப்படிப்பட்டது என்று பார்த்து, அதைக் கொண்டு பழைய வழியா புதிய வழியா என்று பிரவுசர் முடிவு செய்யட்டும் என்பது அவர் யோசனை. 2000 மார்ச்சில் மேக் கணினிக்காக வந்த ஐஇ 5-இல் டான்டெக் செலிக் இதைச் செய்து காட்டினார். மோசில்லா பின்தொடர்ந்தது, 2001-இல் விண்டோஸ் ஐஇ 6-உம் வந்தது. எனக்கு இதில் பிடித்தது அதன் சாமர்த்தியம். யாரையும் எதையும் புதிதாக எழுதச் சொல்லவில்லை. அவசரத்தில் பக்கம் போட்டவர்கள் டாக்டைப் எழுதியிருக்க மாட்டார்கள். அதை மெனக்கெட்டு எழுதியவர் தரத்தைப் படித்தவராக இருக்க வாய்ப்பு அதிகம். பிரவுசருக்கு அர்த்தமே இல்லாமல் கிடந்த ஒரு வரியை, எழுதியவர் எப்படிப்பட்டவர் என்று கண்டுபிடிக்கும் அடையாளமாக மாற்றிவிட்டார்கள். மென்பொருள் வரலாற்றில் இவ்வளவு நல்ல ஊகம் அபூர்வம்.

சாமர்த்தியம் எல்லாம் ஒழுங்காக முடிந்ததா என்றால், இல்லை. புதிய நிலைக்கு மாறிய பக்கங்களில் அட்டவணைக்குள் வெட்டி ஒட்டிய படங்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. படம் என்பது வரியில் நிற்கும் எழுத்துக்குச் சமம், எழுத்துகள் கோட்டுக்குக் கீழே இறங்க இடம் விட வேண்டும் என்று தரம் சொன்னதே காரணம். இதற்காக மோசில்லா மூன்றாவதாக ஓர் இடைநிலையைக் கண்டுபிடித்தது. படத்துக்குக் கீழே காரணமில்லாமல் நான்கைந்து பிக்சல் வெள்ளையாக நிற்கிறதே என்று இன்று கற்றுக்கொள்கிறவர்கள் குழம்பி, யாரோ சொன்னபடி டிஸ்ப்ளே பிளாக் போட்டுச் சரிசெய்கிறார்களே, அதே இடைவெளிதான்.

பிறகு நீளமான டாக்டைப்களின் காலம் வந்தது. எக்ஸ்எச்டிஎம்எல் டாக்டைப்பை யாராலும் பார்க்காமல் எழுத முடியாது. அதற்கு மேலே எக்ஸ்எம்எல் வரி ஒன்றையும் எழுதச் சொன்னார்கள். அப்படி ஒழுக்கமாக எழுதினால் ஐஇ 6 அதைக் கண்டு மிரண்டு பழைய நிலைக்கே போய்விடும். 2004-இல் ஆப்பிள், மோசில்லா, ஓபரா ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் வாட்விஜி என்ற குழுவைத் தொடங்கி எச்டிஎம்எல்5 வேலையில் இறங்கினார்கள். வெர்ஷன், டிடிடி, முகவரி எல்லாவற்றையும் வெட்டி எறிந்து, அப்போதிருந்த பிரவுசர்களைத் தர நிலைக்குத் தள்ளப் போதுமான மிகக் குறுகிய வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நம் கோப்பின் தலையில் இருப்பது அந்த மிச்சம். அதில் எண் இல்லாததன் காரணம் இதுதான்.

பெட்டியின் கதை மட்டும் அங்கே நிற்கவில்லை. ஐஇ-யின் பிழை என்று எல்லோரும் காறித் துப்பிய அந்தக் கணக்கு, பாக்ஸ்-சைஸிங் பார்டர்-பாக்ஸ் என்ற பெயரில் சிஎஸ்எஸ்ஸுக்குள்ளேயே ஒரு தேர்வாக வந்தது. 2012-இல் பால் ஐரிஷ், இதைப் பக்கத்தின் எல்லா உறுப்புகளுக்கும் போட்டுவிடுங்கள் என்று எழுதினார். 2013-இல் பூட்ஸ்ட்ராப் 3 அப்படியே செய்தது. இன்று நாம் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டும் ரீசெட் கோப்புகளில் பெரும்பாலும் தலைவரி அதுவே. சிஎஸ்எஸ் வடிவமைப்பில் நடந்த தவறுகள் என்று சிஎஸ்எஸ் பணிக்குழு தன் கைப்பட ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இயல்பான நிலையே பார்டர்-பாக்ஸாக இருந்திருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. ஆக, மைக்ரோசாஃப்ட்டின் பெட்டிதான் மனிதர் நினைக்கிற பெட்டி. தரம் என்ற பெயரில் தோற்கடிக்கப்பட்டது சரியான விடை. என் தீர்ப்பு இது. ஆனாலும் அன்று தரத்தின் பக்கம் நின்றவர்கள் செய்தது நியாயம் என்றே நினைக்கிறேன். ஒரு பிரவுசருக்கு ஒரு கணக்கு என்று இருந்திருந்தால் இந்தத் தொழிலே இருந்திருக்காது.

ஃப்ரண்ட் எண்ட் கற்பது என்றால் இந்த வருடம் எந்த ஃப்ரேம்வொர்க், அடுத்த வருடம் எது என்பதாகவே நம் பயிற்சி வகுப்புகளில் பேச்சு ஓடுகிறது. ஜேக்வெரியும் ஆங்குலர்ஜேஎஸ்ஸும் உச்சத்தில் இருந்து இறங்கியதைப் பார்த்துவிட்டோம். ரியாக்ட் தெரியாமல் இன்று வேலை கிடைப்பது கஷ்டம், அதைக் கற்க வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பைத்தியமில்லை. ஆனால் வைட்டில் தொடங்கிய ரியாக்ட் ப்ராஜெக்ட்டின் இன்டெக்ஸ் கோப்பைத் திறந்தாலும் முதல் வரி அதேதான். பில்லிங் பக்கம் உடைந்தபோது எந்த ஃப்ரேம்வொர்க் அறிவும் உதவியிருக்காது. வலையில் ஒரு முறை ஏறியது இறங்குவதில்லை. பழைய பக்கத்தை உடைக்கக் கூடாது என்ற ஒரே விதிக்காகப் பிரவுசர்கள் முப்பது வருடத்துப் பிழைகளைச் சுமக்கின்றன. அந்தப் பிழைகளைக்கூட ஒழுங்காக எழுதிவைத்து, ‘குவிர்க்ஸ் மோட்’ என்ற பெயரில் வாட்விஜி ஒரு தரமே வெளியிட்டிருக்கிறது.

அந்த ஆவணம் சிறியது, இலவசம், ஒரு மாலையில் படித்து முடிக்கலாம். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகள் அடுத்த வீடியோ கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் அதைப் படியுங்கள். ஒரு கோப்பில் முதல் வரியை அழித்துவிட்டு, அட்டவணைக்கு என்ன ஆகிறது என்று நீங்களே பாருங்கள். பிறகு நேர்முகத் தேர்வில் யாராவது டாக்டைப்பைப் பற்றிக் கேட்டால் வெர்ஷன் என்று சொல்லாதீர்கள்.